எட்டு மாசமா விற்காத கேமரா

— அவசரப்படாதீங்க தம்பி. நாணயமா சொல்றேன், இந்த கேமரா உங்களுக்கு வேண்டாம். பன்னெண்டு வருஷப் பழசு.

— நேத்து போன்ல வாங்க வாங்கன்னு கூப்பிட்டீங்களே சார்! ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்.

— வந்தது நல்லதாப் போச்சு. உக்காருங்க. இன்னொரு டீ போடட்டுமா?

— ஐயையோ, இதோட மூணாச்சு. வயிறு தளும்புது. கேமராவை இப்படிக் கொடுங்க. அடேயப்பா, என்னா கனம்!

— பத்திரிகை வேலைக்குன்னே செஞ்சது. மழையில நனைஞ்சிருக்கு, கூட்டத்துல இடி வாங்கியிருக்கு. நான் ரிட்டயர் ஆனப்ப, நீங்களே வச்சுக்குங்கன்னு ஆபீஸ்ல கொடுத்துட்டாங்க. அது சரி, லிஃப்ட் மெக்கானிக்குக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கேமரா?

— லிஃப்ட் மோட்டார் எல்லாம் மொட்டை மாடியிலதான சார் இருக்கும். பதினாலு மாடிக்கு மேல நான் ஒண்டி ஆளு. பேச்சுத் துணைக்கு ஈ, காக்கா கிடையாது. தண்ணித் தொட்டி மேல ஒரு பருந்து வந்து உக்காருது. ரெக்கையை விரிச்சா அவ்வளவு அழகு! போன்ல எடுத்தா புள்ளியாத் தெரியுது. வேலைக்குன்னு வெளியூர் போன பொண்ணுக்கு அனுப்பினா, "என்னப்பா இது, அழுக்கா?"ங்கிறா. அவளுக்கு ஒரு படமாச்சும் ஒழுங்கா அனுப்பணும் சார். புதுசு வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது.

— அதுக்குத்தான் சொல்றேன். ஷட்டர் மூணரை லட்சம் தடவை அடிச்சாச்சு. எந்த நேரமும் படுத்துடும். லென்ஸ் உள்ள வேற பூஞ்சை.

— டார்ச் அடிச்சுப் பாத்தேன். பூஞ்சையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உங்க கைரேகை. துடைச்சேன், போயிடுச்சு.

— அப்படியா? எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல தம்பி.

— ஷட்டர் கணக்குமா தெரியல? இப்ப நான் எடுத்த படத்தை போன்ல ஏத்திப் பாத்துட்டேன். எத்தனையாவது படம்னு அதுக்குள்ளயே இருக்கு. தொண்ணூத்தோராயிரம்! விக்கிறவன் குறைச்சுச் சொல்லுவான், கேள்விப்பட்டிருக்கேன். நீங்க என்ன சார், கூட்டிச் சொல்றீங்க?

— அது வந்து...

— சரி, விடுங்க. எனக்குப் பிடிச்சுப் போச்சு. நீங்க கேட்ட விலையே தர்றேன், பேரமே வேணாம். பையில போட்டுக் கொடுங்க.

— பையை எங்க வச்சேன்னு தெரியல. அடுத்த வாரம் வாங்களேன், தேடி வைக்கிறேன்.

— கையிலயே கொண்டு போயிக்கிறேன்.

— சார்ஜரும்...

— அந்தா, உங்க முழங்கை பக்கத்துலயே இருக்கு. விளையாடாதீங்க சார், லீவு போட்டுட்டு வந்திருக்கேன். எட்டு மாசமா இந்த விளம்பரம் வந்துக்கிட்டே இருக்கு. எனக்கு முன்னாடி எத்தனை பேரு வந்தாங்க?

— முப்பத்திரண்டு பேரு.

— அத்தனை பேருக்கும் இதே பூஞ்சைதானா?

— ஆமா. பாதிப் பேரு டீயைக்கூட முழுசாக் குடிக்கல. ஒருத்தர் மட்டும் மத்தியானம் வரைக்கும் இருந்தாரு. நல்லாப் பேசினாரு.

— விக்க மனசில்லன்னா எதுக்கு சார் விளம்பரம் போடணும்? இவ்வளவு ஆசையா இருந்தா நீங்களே வச்சுக்க வேண்டியதுதான?

— கேமரா மேல எனக்கு ஒரு ஆசையும் இல்ல தம்பி. இதை வித்துட்டா, அப்புறம் என்னைத் தேடி யாரு வருவா?