மையவாடி மதிலுக்கு வெளியே

இல்ல தம்பி, நான் வாங்க மாட்டன். கைய நீட்டாத. உன்ட புள்ள, நீதான் தூக்கணும்.

இந்தப் பேக்குல போட்டுத் தந்தது ஆரு, உன்ட மாமியா? சீ! மீன் வாங்கிட்டு வாற சொப்பிங் பேக்குல புள்ளயப் போட்டு, வாட்டு வாசல்ல நிக்கிற அட்டண்டன் பொம்புளைக்கிட்ட நீட்டி, ஸைனம்பு ராத்தா, ஒருமாதிரிப் பாத்துக்கங்க எண்டு சொல்ல எப்படி உனக்கு வாய் வந்திச்சு? நிந்தவூர்ல மசூர் மாஸ்டரெண்டு பேர் வேற.

ஓம், ஆஸ்பத்திரிலயே எடுப்பாங்கதான். அந்தா மஞ்சள் வாளி கிடக்கு. பஞ்சு, ரத்தத்துணி எல்லாம் அதுக்குள்ளதான். மூடியத் தொறந்து காட்டட்டா? காட்ட முந்தியே மூக்கப் பொத்துறாயே. அதுக்குள்ளதான் போடச் சொல்றாய்.

நாலு மாசம் முடியல்லெண்டு மாமி சொன்னாவா? மாமி விரல் மடக்கின கணக்க விடு. கிளினிக் கொப்பியப் பாரு. அஞ்சு மாசம். விரலெல்லாம் பிரிஞ்சிரிக்கி. குளிப்பாட்டி, கபன் துணி சுத்தி அடக்கணும். நாலு மாசம் ஆகாட்டியும் ஒரு துணியில சுத்தி மண்ணுக்குள்ள வைக்கிறதுதானே நம்மட வழக்கம்.

ஆக்கள் கதைப்பாங்களா? மூணாவது தரமும் புள்ள நிக்கல்லெண்டு? கதைக்கிற வாய்க்குப் பயந்து குப்பைல போடுவியா? கபுறு வெட்டுற அப்துல் கபூர் காக்காக்கு நான் சொல்றன். ஒரு முழம் வெட்டித் தருவாரு. ஆருக்கிட்டயும் மூச்சு விடமாட்டாரு.

முதல்ல மேல போ. உன்ட பொண்டாட்டி முழிச்சிட்டுத்தான் கிடக்கா. புள்ளயப் பாக்கணுமா எண்டு கேளு. ஏலாதெண்டா வற்புறுத்தாத. பேர் வைக்கணுமெண்டா வைக்கட்டும். ரெண்டு மூணு நாளையால பால் கட்டி நோகும், துடிச்சிப் போவா. அந்த நேரம் மாமி ஏதும் குத்திக் கதைக்காம நீ பக்கத்துல இரி. வாட்டு நர்ஸ் மிஸ்ஸிக்கிட்டக் கேட்டா மருந்து தருவா.

என்ன சொன்னாய்? அடக்கிட்டமெண்டு சொன்னாப் போதுமா? பொம்புளையள் மையவாடிக்குள்ள போறல்லத்தானே, அவக்கு எங்க தெரியப் போகுதெண்டா? மதிலுக்கு வெளியே நிப்பாட்டி, அந்தா அந்தக் கபுறுத் தலைமாட்டு மீசான் கட்டதான் எண்டு விரல நீட்டினாச் சரியெண்டா? தூ! நல்ல மூளதான்.

ஏன் இப்படி முழிக்கிறாய்? அந்த மூள உனக்கு முந்தி எனக்கு வந்திச்சு தம்பி.

சுனாமில கடல் வந்த நேரம். ஸ்கூல் கேம்புல என்னோட உம்மு எண்டு ஒரு புள்ள இருந்தா. புருஷன அலை கொண்டு போயிட்டு, மையத்தும் கிடைக்கல்ல. நாலாம் நாள் அவக்கும் இப்படித்தான், அஞ்சு மாசத்துல கலைஞ்சி போச்சு. துணியில சுத்தி என்ட கையில தந்து, ராத்தா, இவனையாவது ஒழுங்கா அடக்கிடுங்க எண்டா. மையவாடிப் பக்கம் போகேலா. லொறி லொறியா மையத்து இறங்குது, பெக்கோ மெசின் குழி வெட்டிக்கிட்டே இரிக்கி. அந்த நாத்தத்துல எனக்கு ஒரு பிடி சோறு இறங்கல்ல. அந்தத் துணியத் தொடவே அருவருப்பாக் கிடந்திச்சு. இப்ப என்ட கையப் பாத்தாத்தான் அருவருப்பு.

பொறகு ஒரு நாள், எங்க ராத்தா வெச்சீங்க எண்டு கேட்டா. மதிலுக்கு வெளியே கூட்டிப் போய் விரல நீட்டினன்.

இப்ப அக்கரைப்பத்துல வேற கலியாணம் முடிச்சி இரிக்கா. சண்ட முடியமட்டும் மாசத்துக்கு ஒருக்காத்தான் வருவா, செக்பொயிண்ட் பயம். இப்ப வெள்ளிக்கு வெள்ளி பஸ்ஸேறி வந்திர்றா. மதிலப் பிடிச்சிக்கிட்டு நிண்டு ஓதுறா. பக்கத்துல நான். அவ கையேந்தினா நானும் ஏந்தணும். போன வெள்ளி சொல்றா, ராத்தா, கட்ட உக்கிப் போச்சு, புதுசு ஒண்டு நடுவமா எண்டு. ஓம் புள்ள, நல்ல முதிரை மரமாப் பாப்பம் எண்டு சொல்லிட்டு வந்தன். அதுக்குக் கீழ கிடக்கிற மனுசன் ஆரெண்டே எனக்குத் தெரியா. அவட புள்ளய நான் கேம்புக்குப் பின்னால, குப்ப எரிக்க வெட்டின கிடங்குலதான் போட்டன்.

எங்க எழும்புறாய்? மேலயா? ஓம், போ. நில்லு, வெள்ளத் துணி ஒண்டு எடுத்துத் தாறன்.