மருஞ்சிக்கும் கோர்படிக்கும் நடுவே

— ஒரு பேரு விட்டுப் போச்சே அண்ணே.

— விட்டுப் போகல மேவிஸ். நான்தான் விட்டேன்.

— ‘பவுன் அம்மாள், முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி. கணவர் இருதயராஜ், மகள் ஹெலினா, நாத்தனார் மேவிஸ்.’ அரே பாபா, நாத்தனார் பேரு வரைக்கும் இருக்கு. பெத்த மகன் ஜெரோஷ் பேரு இல்லைன்னா பாக்குதவன் என்ன நினைப்பான்?

— மகன் இல்லைன்னு நினைப்பான். சரியாத்தான் நினைப்பான். போற வழியில அச்சுக்குக் கொடுத்துட்டுப் போ. ஞாயித்துக்கிழமை பூசைக்கு முன்னால கையில வேணும்.

— இதைக் கொண்டுபோகவா தாபோடியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்தேன்? நான் தொட மாட்டேன்.

— அப்ப வச்சிரு. நானே போய்க்கிடுதேன்.

— அந்த முழங்காலோடயா? வெளிய வந்து பாருங்க. போன மாசம் போட்ட ரோட்டை இந்த மாசம் தோண்டியாச்சு. மனுசன் நடக்கவே வழி இல்ல.

— ஊரைக் குத்தம் சொல்லாதே. அன்னைக்கும் எல்லாரும் அதைத்தான் சொன்னீங்க. மழையாம், ட்ராஃபிக்காம். முந்தின நாள் காலையில பவுன் கண்ணை மூடினா. தூத்துக்குடியிலிருந்து அவ தம்பி ஜார்ஜ் ரெண்டு ப்ளேன் மாறி அடக்கத்துக்கு வந்து சேந்துட்டான். புனேயில இருக்குத மகன் புனேக்கு வந்து சேரல.

— அவன் வீடு இருக்குத மருஞ்சி புனேயா அண்ணே? நேத்து வரைக்கும் கரும்பு நின்ன காடு. கட்டடம் வந்துட்டு, ரோடு இன்னும் வந்தபாடில்ல. அதுவும் அவனை அங்கே அனுப்பினது யாரு? ராத்திரி பூரா தாய் தலைமாட்டுல உக்காந்திருந்தவனை, ‘அம்மாவோட கல்யாணப் புடவை உன் வீட்டு பீரோவுல இருக்கு, போய் எடுத்துட்டு வா’ன்னு விரட்டினது யாரு?

— அவ கேட்டுக்கிட்டா. அந்தப் புடவையோடதான் போகணும்னு. இந்தக் கோர்படியிலிருந்து போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். பத்துக்கு அனுப்பினேன். நாலுக்குப் பெட்டி எடுக்கணும். ரெண்டு மணி நேரம் கையில மிச்சம். முப்பத்தாறு வருசம் ரயிலுக்கு நேரம் பாத்தவன் நான், எனக்குக் கணக்குத் தெரியாதா?

— ரயிலுக்குத் தண்டவாளம் இருக்கு. இவனுக்கு என்ன இருந்துச்சு? பாலத்துக்கு அடியில இடுப்பளவு தண்ணி. ஒரு டேங்கர் லாரி குறுக்க கவுந்து கெடக்கு. ஒரே சிக்னல்ல நாப்பது நிமிசம் நின்னானாம். ஸ்டியரிங்கில தலையைச் சாச்சு அழுதவனை, பக்கத்து வண்டிக்காரன் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டுக் குடிக்கத் தண்ணி கொடுத்தானாம்.

— கொடுத்தான்ல? அதுதான் இந்த ஊரு. நான் தகரப் பெட்டியோட வந்து இறங்கும்போது இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. ரெண்டு வாரம் யாரு சோறு போட்டா? பக்கத்து வீட்டு ராஜஸ்ரீபாய். ஜெரோஷ் பிறந்த அன்னைக்கு பவுனைச் சைக்கிள் கேரியர்ல உக்கார வச்சு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கிட்டுப் போனேன். அப்ப வழிவிடாத ஆள் கிடையாது. இந்த ஊரு எனக்கு ஒரு கெடுதலும் பண்ணல. பண்ணினது அவன்.

— அந்த ராஜஸ்ரீபாய் வீடு இப்ப எங்கேன்னு சொல்லுங்க பாப்போம். பதினெட்டு மாடி நிக்குது அந்த இடத்துல. கிழவி வாகோலியில ஒத்தை ரூம்ல, டேங்கர் எப்ப வரும்னு ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருக்கா. உங்களுக்குச் சோறு போட்ட ஊரு, அண்ணே, இப்ப அவளுக்கே தண்ணி கொடுக்கல.

— அப்படியும் அவ போனாளா? தெலுங்கன் போனானா, பீகாரி போனானா? வாரவன் எல்லாம் திட்டிக்கிட்டே வீடு வாங்குதான். நீயும்தான். உன் புருசன் செத்து ஒம்போது வருசமாச்சு, பாளையங்கோட்டைக்குத் திரும்பிப் போயிருக்கலாம்ல.

— அங்கே எனக்கு யாரைத் தெரியும்? பள்ளிக்கூடத்துல என்கிட்ட படிச்ச பிள்ளைங்க இங்கே ரோட்டுல நிறுத்தி ‘மேவிஸ் டீச்சர்’ங்குதாங்க. சரி, என் கதையை விடுங்க. போறதுக்கு ஆள் இருந்துச்சு. சிங்கப்பூர்ல ஜெரோஷுக்கு வேலை கிடைச்சு, டிக்கெட் வரைக்கும் வந்தாச்சு. போகாதேன்னு தடுத்தது யாரு?

— அது வேற பேச்சு.

— அதே பேச்சுதான். ‘நாங்க போகும்போது, பெட்டியை மூடுறதுக்கு முன்னால முகத்துணி போட மூத்த மகன் பக்கத்துல வேணும்’னீங்க. அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவன் இந்த ஊருல கெடக்கான். தினம் மூணு மணி நேரம் வண்டியிலேயே போகுது. என்னைக்காவது வாயைத் திறந்து உங்களை ஒரு வார்த்தை சொன்னானா? கடைசியில முகத்துணியை யாரு போட்டா? மணி அடிக்குத கோயில்பிள்ளை ஜான் போட்டான்.

— சபை கூடி நிக்குது மேவிஸ். சாமியார் கோயில்ல காத்திருக்காரு. ‘மூத்தவன் எங்கே, மூத்தவன் எங்கே’ன்னு ஆளாளுக்குக் காதைக் கடிக்காங்க. எங்கப்பா அடக்கத்துக்கு மூணு ஊரு தாண்டி, மாட்டு வண்டி உடைஞ்சு, கால் ரத்தத்தோட நடந்து வந்து முகத்துணி போட்டவன் நான். இந்தக் குடும்பத்துல ஒருத்தன் பிந்தினான்னு பேரு கிடையாது.

— பெட்டி வாசலைத் தாண்டயில வந்துட்டானே அண்ணே. நனைஞ்சு தொப்பலா, புடவைப் பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு. ‘ஒரே ஒரு தடவை திறங்கப்பா’ன்னு உங்க காலைப் பிடிச்சான்.

— மூடின பெட்டியைத் திறக்குத பழக்கம் நம்ம குடும்பத்துல இல்ல.

— நல்ல பழக்கம். கேளுங்க, கோயம்புத்தூருக்கு மாத்தல் கேட்டிருக்கான். திங்கக்கிழமைக்குள்ள ஆபீசுல பதில் சொல்லணும். நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டா இருப்பான். இந்தக் கார்டைப் பாத்தான்னா போயிருவான். அப்புறம் உங்களுக்கும் முகத்துணி போட ஜான்தான்.

— போகட்டும். ஊரை விட்டு ஓடுதவன் எல்லாருக்கும் சாக்கு ட்ராஃபிக்தான். என்னைப் பத்தி அங்கே என்னென்ன சொல்லிக்கிட்டு இருக்கானோ.

— சொல்லலையே. நான்தான் கேட்டேன், ‘ஏலே, ஒரு போன் போட்டிருந்தா உங்கப்பா காத்திருப்பாருல்லா’ன்னு. போட்டானாம். நீங்க எடுக்கலையாம். ‘சாவு வீட்டுச் சத்தத்துல அப்பாவுக்குக் கேட்டிருக்காது அத்தை. அவரைப் போய்க் கேக்காதீங்க, பாவம்’னான்.

— எடுக்கலைன்னா சொன்னான்?

— ஆமா.

— உன்கிட்ட மட்டும் சொன்னானா?

— ஹெலினாகிட்டயும் அதேதான் சொல்லியிருக்கான். ஜார்ஜு கோவமா கேட்டப்பவும் அதேதான். என்ன அண்ணே, ஏன் இப்படி வேர்க்குது? தண்ணி கொண்டாரவா?

— வேண்டாம். உக்காரு.

— நான் நின்னே கேக்கேன்.

— ஜார்ஜு அத்தனை பேர் முன்னால கேட்டான். ‘என்ன அத்தான், நான் அங்கேயிருந்து வந்துட்டேன், உங்க பிள்ளை வருவானா மாட்டானா’ன்னு. ‘இனி அவன் வந்தாலும் ஒண்ணுதான், வராட்டாலும் ஒண்ணுதான்’னுட்டேன். சொல்லி வாயை மூடல, பையில போன் அடிக்குது.

— அண்ணே.

— எடுத்தேன். ‘அப்பா, ரயில்வே கேட்டு அடைச்சிருக்கு, வண்டியை இங்கேயே போட்டுட்டு ஓடி வாரேன், அஞ்சு நிமிசம் நிறுத்தி வைங்கப்பா’ன்னான். அந்த ரயில் சத்தம் போனுக்குள்ளயும் கேட்டுது, நம்ம ஜன்னல் வழியாவும் கேட்டுது. அத்தனை பேரும் என் மூஞ்சியையே பாக்காங்க. யாரு அத்தான்னான் ஜார்ஜு. ராங் நம்பர்னேன். ஜானைப் பாத்து, முகத்தை மூடுன்னேன். நாலு அடிக்க அப்ப இன்னும் ஏழு நிமிசம் இருந்துச்சு, மேவிஸ்.