ஷிப்ட் தாளின் பின்பக்கம்

டென்மார்க்கின் ஹேர்னிங் நகர நூலகத்தில் பழைய யப்பானிய இலக்கியம் பற்றிய பேச்சு. எல்லோருக்கும் பொது என்றார்கள், நானும் போனேன். திரும்பும் ரயிலில், அங்கே வந்திருந்த தமிழர் இருவர் எனக்கு முன்னால் இருந்தார்கள்.

"ஆயிரம் வருசத்துக்கு முந்தின காவல்காரன்ர பாட்டையும் யப்பான்காரர் வைச்சிருக்கிறாங்கள். செத்த என்ர அண்ணையின்ரயை நான் குப்பையில போட்டிட்டன்," என்றாள் அந்தப் பெண்.

"தெரியாமல்தானே, தங்கச்சி," என்றார் கூட இருந்தவர்.

"ரண்டு கிழமையில அவர்ர வீட்டை ஒழிச்சுக் குடுக்கச் சொன்னாங்கள். எல்லாம் பக்டறி ஷிப்ட் தாள். டெனிஸில அச்சடிச்ச பக்கத்தை மட்டும்தான் பார்த்தனான். பின்பக்கத்தில பாட்டு எழுதினவர் எண்டு நீங்கள் இண்டைக்குத்தானே சொல்லுறியள். உங்களுக்கு வாசிச்சுக் காட்டினவரோ?"

"ஓம், ஒவ்வொரு நாளும். பக்டறியில, சாப்பாட்டு நேரத்தில."

"ஒரு வரி சொல்லுங்கோ, அண்ணை."

அவர் இறங்குவதற்குப் பையை எடுத்து மடியில் வைத்தார்.

"நான் சாப்பிட்டுக்கொண்டு தலையை ஆட்டினதுதான், பிள்ளை."

அடுத்த நிலையமான இக்காஸ்டில் அவர் இறங்கினார். தனக்கும் அங்கேதான் இறங்க வேண்டும் என்று ஏறும்போது சொன்ன அவள் எழும்பவில்லை.