விளக்கு மணியடித்த பள்ளிக்கூடம்

“வாயால பிழைச்ச மனுஷன் நீங்க. காது கேக்காத பிள்ளைங்க மத்தியில போய் என்ன பண்ணப் போறீங்க மச்சான்?”

பெட்டி கட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து என் மைத்துனர் கேட்ட கேள்வி இது. மேடையேறியவன் முதலில் வணங்க வேண்டும். நானோ கேள்வியோடு வந்து நிற்கிறேன். பொறுத்தருளுங்கள். இதோ, வணங்குகிறேன்.

இந்த அவைக்கு அச்சாணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! அவருக்கு இருமருங்கும் அணிசெய்யும் ஆன்றோர்களே! அலுவலும் முடித்து, அடுப்பும் அணைத்து, அரைநொடி ஓய்வும் எடுக்காமல் இங்கே வந்து அமர்ந்திருக்கும் அன்னையர்களே! நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டே கேட்கும் இளைஞர்களே! என்னிடம் கணக்குப் படித்த காரணத்தால் இன்றைக்கும் என்னைக் கண்டவுடன் கடைசி வரிசைக்கு நகர்ந்துவிடும் என் பழைய மாணவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என்ன ஐயா, பின்னாலிருந்து கையை ஆட்டுகிறீர்கள்? கேட்கவில்லையா? தம்பி, ஒலிபெருக்கியைக் கொஞ்சம் கூட்டப்பா. இப்போது கேட்கிறதா? நல்லது. காது கேளாத பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்தவன் பேச்சே காதில் விழாமல் போனால் ஊர் சிரிக்கும்.

பணி ஓய்வு பெற்ற கையோடு எனக்கு அந்த அழைப்பு வந்தது. கடல் தாண்டிய ஒரு நாட்டில், காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில், கணக்குச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். சம்பளம் கிடையாது. தங்க அறை உண்டு, சாப்பாடு உண்டு. வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை தேய்ந்தவன் நான். மைத்துனர் கேட்டதில் தவறே இல்லை. என் வீட்டம்மா என்ன சொன்னார் தெரியுமா? அதோ, முன்வரிசையில்தான் இருக்கிறார், சொல்லாதே என்று கண்ணைக் காட்டுகிறார், ஆனாலும் சொல்கிறேன். “இங்கதான் பேசாம இருக்க வரலை. அங்க போயாவது பழகிட்டு வாங்க” என்றார்!

போனேன். அமைதி ததும்பும் ஓர் ஆலயம் போல அந்தப் பள்ளி இருக்கும் என்று எண்ணிப் போனேன். அம்மாடியோவ்! அமைதியா? அங்கேயா? பெஞ்சை இழுக்கும் சத்தம், கதவை அறையும் சத்தம், கரண்டியைத் தட்டில் போடும் சத்தம், வயிறு குலுங்கச் சிரிக்கும் சத்தம்! சத்தம் போடாதே என்று யாரும் சொல்லாத பிள்ளைகள் ஐயா அவர்கள். கூரை பறக்காதது ஒன்றுதான் குறை.

அந்தக் கட்டடம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பழைய இரண்டு மாடிக் கட்டடம். தரை முழுவதும் மரப்பலகை. பிள்ளைகளை அழைக்க வேண்டுமா? தரையில் ஓங்கி மிதிக்க வேண்டும். அதிர்வு அவர்கள் பாதத்தில் ஏறும், தலைகள் திரும்பும். வகுப்பு முடிந்ததா? மணி அடிக்காது, விளக்கு ஒருமுறை அணைந்து எரியும். ஆம், அங்கே விளக்குதான் மணி. நாற்காலிகள் வரிசையாக இரா. பிறை போல வளைந்திருக்கும். ஏன்? ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். முகம் பார்த்தால்தான் பேச்சு, முகம் பார்த்தால்தான் பாடம், முகம் பார்த்தால்தான் சண்டைகூட!

இது தெரியாமல் நான் நடத்தினேன் பாருங்கள், முதல் பாடம்! பழக்க தோஷம். கரும்பலகைப் பக்கம் திரும்பினேன், வகுத்தல் கணக்கை எழுதினேன், எழுதிக்கொண்டே விளக்கினேன், விளக்கிக்கொண்டே எழுதினேன். என் வாழ்நாளிலேயே அப்படி ஓர் அருமையான விளக்கம் நான் கொடுத்ததில்லை. என் தோளில் ஒரு கை விழுந்தது. சுருட்டை முடியோடு ஒரு சிறுமி. என் இரண்டு தோள்களையும் பிடித்து, வாசலில் குறுக்கே நிற்கும் சைக்கிளைத் திருப்பி வைப்பதுபோல, என்னை வகுப்பைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். பிறகு தன் இடத்துக்குப் போய் அமர்ந்து, ‘ம், இப்போது சொல்லுங்கள்’ என்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டாள். வகுப்பில் பாதிப்பேர் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். எதை என்கிறீர்களா? என் முதுகை!

அடுத்து, மீசை. அந்தக் காலத்தில் எனக்கு உதட்டை மூடிய மீசை உண்டு. என்னைப் பார்த்தாலே மாணவர்கள் நடுங்கியதற்குப் பாதிக் காரணம் அதுதான். அந்தப் பிள்ளைகளுக்கு உதட்டசைவும் முகக்குறிப்பும் பேச்சில் பாதி. தலைமையாசிரியை, அவருக்கும் காது கேளாது, என் மீசையைக் காட்டி, ஜன்னல் திரையை விலக்குவதுபோல் சைகை செய்தார். மறுநாள் மீசை போயிற்று. கைபேசியில் முகத்தைப் பார்த்த வீட்டம்மா அலறினார்: “ஐயோ, மீசை எங்கேங்க?”

“பள்ளிக்கூடத்துக்கு நன்கொடையா குடுத்துட்டேன்.”

“யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?”

மீசை போனாலும் பேர் போகவில்லை. அங்கே ஒவ்வொருவருக்கும் பிள்ளைகள் கையால் ஒரு பேர் வைப்பார்கள். எனக்கு வைத்த பேர், இப்படி, மீசையை முறுக்குவது.

விரலை விட்டு எண்ணாதே என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை அதட்டியவன் நான். அந்த விரல்களிலேயே கணக்கும் கதையும் கேலியும் கோபமும் குடியிருப்பதை அங்கே கண்டேன். அந்த நாட்டுப் பேச்சு என் நாக்கில் ஏறும் முன்னே, அந்தப் பிள்ளைகளின் பேச்சு என் கையில் ஏறிவிட்டது.

அன்பர்களே, இனிதான் நான் சொல்ல வந்தது.

என்னைத் திருப்பி வைத்த அந்தச் சிறுமியைச் சுருட்டை என்றே சொல்கிறேன். கணக்கில் கெட்டிக்காரி. கதை சொல்வதில் அதைவிடக் கெட்டிக்காரி. அவள் அப்பா லாரி ஓட்டுநர். வழியில் வரும்போதெல்லாம் லாரியைப் பள்ளி வாசலில் நிறுத்தி மகளைப் பார்த்துவிட்டுப் போவார். தலையைத் தடவுவார், தின்பண்டம் கொடுப்பார், என்னைத் தேடி வருவார். அவருக்கும் எனக்கும் பொதுவாக அரைகுறையாய் ஒரு மொழி இருந்தது. அவர் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன்.

“எப்ப சார் பேசுவா?”

“பேசிட்டுத்தானே இருக்கா.”

“கையை ஆட்டுறதைச் சொல்லலை சார். வாயைத் திறந்து அப்பான்னு ஒருவாட்டி. ஒரேவாட்டி போதும்.”

அவரைக் கல்நெஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். பாலைவனத்தில் நின்று மழை கேட்கிற மனிதனின் குரல் அது. ஆண்டுகள் போயின, அந்த அழைப்பு வரவில்லை. பருவ முடிவில் ஒருநாள் வந்தார். வந்தவர் நேராக விடுதிக்குப் போய், மகளின் பெட்டியைத் தூக்கி லாரியில் ஏற்றிவிட்டார்.

“கூட்டிட்டுப் போறேன் சார். என் தங்கச்சி தையல்கடை வச்சிருக்கா. பட்டன் தைக்கக் காது எதுக்கு?”

ஓடிப்போய் அவளுடைய விடைத்தாள்களைக் கொண்டுவந்து காட்டினேன். வகுப்பிலேயே முதல் மதிப்பெண். அவர் பார்த்தார், மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“மார்க்கு நல்லாத்தான் இருக்கு சார். மார்க்கு அப்பான்னு கூப்பிடுமா?”

சுருட்டை படிக்கட்டில் நின்று எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். பெட்டி போன திசையை விடவா தெளிவான மொழி வேண்டும்? என்னைப் பார்த்துக் கையால் கேட்டாள்: ‘போகத்தான் வேண்டுமா?’

தலைமையாசிரியை வந்தார். அவர் வாதாடவில்லை. சாப்பாட்டு வேளை, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்று மட்டும் எனக்குச் சைகை காட்டினார்.

அந்தச் சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே நுழைந்தால் வாயால் பேசக்கூடாது. சமையல்காரர் ஆனாலும் சரி, சர்க்கார் அதிகாரி ஆனாலும் சரி. மேசைகள் எல்லாம் வட்டம், எல்லோர் கையும் எல்லோருக்கும் தெரியும்படி. அப்பாவை மகளுக்குப் பக்கத்தில் அமர்த்தினோம். சூப்பும் ரொட்டியும் வந்தன. கடைசிச் சாப்பாடு என்பது அந்த மேசைக்கே தெரியும். ஒரு தோழி கண்ணைத் துடைத்தாள். அவ்வளவுதான், சுருட்டைக்குப் பொறுக்கவில்லை. ரொட்டியைக் கீழே வைத்தாள். கதையைத் தொடங்கினாள்.

அவள் அப்பா லாரி ஓட்டுகிற கதை! தட்டைத் தூக்கி ஸ்டியரிங்காகப் பிடித்தாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அமர்ந்தாள். முந்திப் போகிறவனைப் பார்த்து ஜன்னல் வழியே தலையை நீட்டி ஏசினாள். கொட்டாவி விட்டாள். திடீரென்று குறுக்கே ஒரு கோழி! பிரேக் அடித்தாள். இறங்கினாள். கோழிக்குக் கைகூப்பி, ‘தாயே, நீங்க முதல்ல போங்க’ என்று வழிவிட்டாள். கோழி போக மறுத்தது. அப்பாவும் கோழியும் முறைத்துக்கொண்டார்கள். இரண்டு முகமும் அவளே!

மேசை சிரித்தது. அடுத்த மேசை சிரித்தது. சமையல்காரர் கரண்டியோடு சுவரில் சாய்ந்து சிரித்தார். கூடமே குலுங்கியது. நடுவிலே ஒரே ஒரு மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார், நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மகளின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். ‘என்ன? என்ன சொல்கிறாய்?’ என்று முகத்தால் கேட்டார்.

அவள் கதையின் உச்சத்தில் இருந்தாள். அப்பா பக்கம் திரும்பக்கூட இல்லை. இடது கையை மட்டும் இப்படி, ஈயை விரட்டுவதுபோல, லேசாக அசைத்தாள். அசைத்துவிட்டுக் கோழிக்குத் திரும்பிப் போனாள்.

சபையோரே! அந்த மனிதருக்கு அந்தப் பள்ளியின் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் அந்த ஒரு கையசைவு அவருக்குப் புரிந்தது. கரண்டியைக் கீழே வைத்தார். சாப்பிடவில்லை. எழுந்து வெளியே போய் லாரி ஓரம் நின்றார். பின்னாலேயே போனேன்.

“அவ தப்பா நினைச்சுச் செய்யலைங்க. கதை நடுவுல இருந்தா...” என்றேன்.

“தெரியும் சார்.” டயரைக் காலால் ஒருமுறை உதைத்தார். “அந்தக் கையாட்டல் எங்க வீட்டுது. இங்க கத்துக்கிட்டது இல்ல. வீட்டுல நாங்க எல்லாரும் உக்காந்து பேசுவோம், சிரிப்போம். அவ என் சட்டையைப் பிடிச்சு இழுப்பா. அப்புறம் சொல்றேன்னு கையை இப்படி ஆட்டுவேன்.”

“அப்புறம் சொன்னீங்களா?”

“எங்க சார் சொன்னேன்?”

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லாரிக்காரர் என்றால் அழக்கூடாது என்று யார் சொன்னது?

பிறகு கேட்டார்: “நீ என்ன சொன்னேன்னு அவகிட்ட கேக்கணும். எப்படிக் கேக்கிறது சார்? கையைக் காட்டுங்க.”

காட்டினேன். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த விரல்கள் வளைய மறுத்தன. மறுபடி காட்டினேன். உள்ளே போனார். மகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, முகத்துக்கு நேராக அமர்ந்து, தப்பும் தவறுமாகக் கையை அசைத்தார்: ‘நீ சொன்ன கதை. எனக்கு. சொல்.’

சுருட்டை அவரையே பார்த்தாள். தட்டை எடுத்தாள். கதையைத் தொடங்கினாள், விட்ட இடத்திலிருந்து அல்ல, முதலிலிருந்து. மெதுவாக, குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல, ஸ்டியரிங், வயிறு, கொட்டாவி, கோழி. புரியாத இடத்தில் நிறுத்தினாள், திரும்பச் செய்து காட்டினாள். கூடமெல்லாம் சிரித்து ஓய்ந்த பிறகு, தட்டெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, தன்னந்தனியாக ஒரு மனிதர் சிரித்தார் பாருங்கள்! மேசையில் அறைந்து அறைந்து சிரித்தார். அந்த அதிர்வு மரத்தரையில் ஓடி, மாடியில் இருந்த பிள்ளைகள்கூடக் கீழே இறங்கி வந்துவிட்டார்கள்.

“சார், இவ இவ்வளவு குறும்புக்காரியா? இத்தனை வருஷம் எனக்குத் தெரியாதே சார்!” என்று கூடத்தின் வழக்கத்தை மறந்து வாய்விட்டே கூவினார்.

பெட்டியை அவரே லாரியிலிருந்து இறக்கினார். தோளில் வைத்து விடுதி மாடிக்கு ஏறினார்.

ஊர் திரும்பி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இன்றைக்கும் வீட்டில் விளக்கு அணைந்து எரிந்தால், வகுப்புக்குப் போக எழுந்து நிற்கிறேன். “உக்காருங்க, கரண்டுதான் போய் வந்துச்சு” என்கிறார் வீட்டம்மா. சுருட்டை எப்போதாவது கைபேசியில் முகம் காட்டுவாள். இப்போது ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறாள். என் கைப்பேச்சு துருப்பிடித்துவிட்டதாம், கேலி செய்கிறாள். நடுவில் ஒரு பெரிய காய்ப்பேறிய கை திரைக்குள் நுழைந்து, மீசையை முறுக்கிக் காட்டும். என்னைவிட மோசமாகக் கையால் பேசுகிற ஒரே மனிதர் அவர்தான்.

எண்ணிப் பாருங்கள், பெரியோர்களே! காது கேளாமையா அந்தக் குழந்தையைத் தனியாக உட்கார வைத்தது? இல்லை! பேச்சு இல்லாமையா? இல்லவே இல்லை! கூடிச் சிரித்த வீட்டில், கூடவே இருந்தும், கூட்டத்தில் சேர்க்கப்படாமை! அது அயல்நாட்டில் மட்டும்தானா? நம் வீட்டில் இல்லையா? காது மந்தமாகி மூலை நாற்காலியில் அமர்ந்திருக்கும் அப்பா இல்லையா? எல்லோரும் சிரிக்கும்போது, என்னவென்று தெரியாமலே தானும் சிரித்து வைக்கும் அத்தை இல்லையா?

இவ்வளவு நேரம் என் முகம் பார்த்துக் கேட்ட உங்கள் முகங்களுக்கெல்லாம் நன்றி. அழைத்த அவைக்கு நன்றி. அனைவரும் நலமாக வீடு சேருங்கள், வணக்கம். சேர்ந்ததும் ஒன்றே ஒன்று செய்து பாருங்கள்: சிரிப்பின் நடுவே யாராவது ‘என்ன, என்ன?’ என்று கேட்டால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, அவர் முகம் பார்த்து, அப்போதே, முதலிலிருந்து சொல்லுங்கள்.