திரையில் லேசாக மஞ்சள்

மச்சான், அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், இதில் உட்காருங்கள். நான் நின்றுகொண்டே பேசுகிறேன், தவறாக நினைக்காதீர்கள். கொஞ்ச நாளாகவே எனக்கு ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. உங்கள் தங்கை உள்ளே இருக்கிறாள். அவள் வருவதற்குள் அந்தக் கம்ப்யூட்டர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கோபப்பட இதில் ஒன்றும் இல்லை, முழுதாகக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

சொல்லாமல் கொள்ளாமல் நடக்கிற எதுவும் எனக்கு ஆகாது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவனின் குணம் அது. உங்கள் தங்கை துணி மில்லுக்கு டிசைன் போடுகிறவள். பூவும் கொடியும் வரைந்து, நிறம் கொடுத்து அனுப்புவாள். மில்லில் அதை அப்படியே துணியில் அச்சடிப்பார்கள். திரையில் பார்த்த பச்சைதான் துணியிலும் வரவேண்டும். அதற்காகவே ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டு, மில்லின் துணி மாதிரிகளைப் பக்கத்தில் வைத்து, திரையின் நிறத்தைப் பொறுமையாகச் சரிசெய்து கொடுத்தேன்.

அந்தக் கார்டைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கிற மென்பொருளுக்குத்தான் டிரைவர் என்று பெயர். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற டிரைவரை, நம்மை ஒரு வார்த்தை கேட்காமல், கம்ப்யூட்டரே தூக்கிவிட்டு இன்டர்நெட்டிலிருந்து புதிதாக ஒன்றை இறக்கிப் போட்டுக்கொள்ளும். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும். திரும்பும்போது நான் வைத்த நிறமெல்லாம் போயிருக்கும், எல்லாவற்றிலும் லேசாக மஞ்சள் ஏறியிருக்கும். "டிரைவரை மாத்திட்டே இருக்காங்கண்ணா, ஒரே தொல்லை" என்று அவள் உங்களிடம் போனில் புலம்பியபோது, கார் எப்போது வாங்கினீர்கள், என்னிடம் சொல்லவே இல்லையே என்று நீங்கள் கேட்டீர்கள். அன்று நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆரம்பத்தில் நான் நாணயமாகத்தான் இருந்தேன். பழைய டிரைவரைத் திரும்பப் போடுவேன். செட்டிங்கில் போய், இனி நீயாக எதையும் இறக்காதே என்று அடைத்துவிட்டு வருவேன். கொஞ்ச நாள் சும்மா இருக்கும். பிறகு பெரிய அப்டேட் ஒன்று வரும், நான் அடைத்ததையெல்லாம் திறந்துவிட்டுப் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடையில் யாருடைய கம்ப்யூட்டரையோ பிரித்துப் போட்டிருப்பேன், மனம் மட்டும் இங்கே கிடந்து அடித்துக்கொள்ளும். இந்நேரம் வந்திருக்குமோ, வந்திருக்குமோ என்று.

வந்தால் அவள் போன் செய்வாள். "என்னங்க, மறுபடி மஞ்சளடிக்குது, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?" என்பாள். வாடிக்கையாளரை உட்காரவைத்துவிட்டு ஓடிவருவேன். நான் சரிசெய்து முடிக்கும்வரை அவள் என் தோளில் கைவைத்துக்கொண்டு பின்னால் நிற்பாள். முடிந்ததும், நீங்கள் இல்லாவிட்டால் நான் என்னதான் செய்வேன் என்பாள். மச்சான், உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது வேண்டியிருந்தது. அந்தப் போன் வராத நாளில் சாப்பாடே இறங்காது.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள், தானே ஏதோ வீடியோ பார்த்து அந்த அப்டேட்டை நிறுத்திவிட்டாளாம். போய்ப் பார்த்தேன். கார்டின் அடையாள எண்ணைக் கொடுத்து, இதற்கு எந்த டிரைவரும் புதிதாக ஏறக் கூடாது என்று தடை போட்டிருந்தாள். என் வேலையைவிடச் சுத்தமான வேலை. வாயாரப் பாராட்டினேன். அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு கடையில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன் கெட்டுவிட்டதோ என்று கடை லேண்ட்லைனிலிருந்து என் நம்பருக்கு நானே அடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் அடித்தது. வீட்டுக்குக் கூப்பிட்டு, திரை எப்படி இருக்கிறது என்று கேட்டால், சும்மா ஜம்மென்று இருக்கிறது, வேலை கிடக்கிறது, வைக்கட்டுமா என்பாள். கடையைச் சாத்திவிட்டுத் தெருத்தெருவாக நடந்தேன். கடைசியில் அவள் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து அந்தத் தடையை எடுத்துவிட்டேன். கவனியுங்கள், நான் எதையும் கெடுக்கவில்லை. வருகிறதை வரவிட்டேன், அவ்வளவுதான்.

புது டிரைவர் வந்தது, மஞ்சளடித்தது. அவள் என்னைக் கூப்பிடவில்லை. தானே பழையதைப் போட்டு, மறுபடி தடை போட்டுவிட்டு, மாலையில் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். மறுபடி எடுத்தேன், மறுபடி போட்டாள். திரை பெரிதாக மாறினால் அவள் கண்டுபிடித்துவிடுகிறாள், அதுதான் சிக்கல் என்று புரிந்தது. அதனால் தடையைத் தொடவில்லை. அவள் போட்ட பூட்டு பூட்டியபடியே இருந்தது. கார்டுக்கென்று நிறத்தைக் கூட்டிக் குறைக்கிற பக்கம் ஒன்று உண்டு. அதில் போய் மஞ்சளை ஒரு இம்மி ஏற்றினேன். சில நாள் விட்டு இன்னொரு இம்மி. திரை கறுக்கவில்லை, டிரைவர் மாறவில்லை. அவளுக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

மில்லிலிருந்து துணி வந்தது. திரையில் ஏறிய மஞ்சளை ஈடுகட்ட அவள் தன்னையறியாமல் நீலத்தைக் கூட்டியிருந்தாள்; அவள் இளம்பச்சை கொடுத்த இடத்திலெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. மேனேஜர் முதல்முறை மரியாதையாகச் சொன்னார், இரண்டாம் முறை கடுப்போடு சொன்னார். பிறகொரு நாள், மேடம், கண்ணை ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்களேன் என்றார். அவள் துணியைக் கொண்டுவந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். "ரெண்டும் வேற வேறயா இருக்கில்ல?" என்று கேட்டாள்.

வேறாகத்தான் இருந்தது. நான் கம்ப்யூட்டரை அவள் பார்க்கப் பார்க்கச் சோதித்தேன். டிரைவர் பழையதுதான், தடை அப்படியே இருக்கிறது என்று காட்டினேன். பிறகு துணியையும் திரையையும் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னேன். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாம்மா தெரியுது."

அன்று அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நாளாயிற்று.

கண் டாக்டரிடம் நானே அழைத்துப்போனேன். எல்லாச் சோதனையும் செய்தார், பணத்துக்கு நான் கணக்குப் பார்க்கவில்லை. கண் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் ஓய்வு கொடுங்கள் என்று அவளிடம் சொன்னார். வெளியே வந்து உட்கார்ந்ததும் நர்ஸ் வந்து என்னைப் பார்த்து, சார், டாக்டர் உங்களை மட்டும் கூப்பிடுகிறார் என்றாள். உங்கள் தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே போனேன். டாக்டர் தன் கம்ப்யூட்டரைக் காட்டி, நீங்கள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறீர்களாமே, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இந்தத் திரை கறுத்துப்போகிறது, இதை எப்படி நிறுத்துவது என்று கேட்டார். நிறுத்திக் கொடுத்தேன். நல்ல மனிதர், கைகொடுத்து அனுப்பினார்.

வெளியே வந்தபோது அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். என்ன சொன்னார் என்று கேட்டாள். நான் பொய் எதுவும் யோசித்துவைத்திருக்கவில்லை, மச்சான். வாயில் வந்தது இவ்வளவுதான். "உன்கிட்ட சொல்ல வேணாம்னார்."

மீதியை அவளே நினைத்துக்கொண்டாள். வேலையை விட்டாள். மில்லில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். சிக்னலில் தனியாகச் சாலையைக் கடக்கப் பயந்தாள், நான் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டிப்போனேன். தக்காளி வாங்கினால் பழுத்ததா என்று என்னைக் கேட்பாள். சில நேரம் அவளே சரியாகச் சொல்லிவிடுவாள், அதுதான் தர்மசங்கடம். ஒருநாள் பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்து, புதிதாகப் பச்சை அடித்திருக்கிறார்கள் போல என்றாள். பச்சைதான். பளிச்சென்ற பச்சை. நீலம் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

போன வாரம் எனக்கே மனம் கேட்காமல் திரையைப் பழையபடி சரிசெய்து, அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவள் வரைந்த பழைய டிசைன் ஒன்றைத் திறந்தேன். வெகுநேரம் பார்த்தாள். இதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது, மூடிவிடுங்கள் என்றாள். நான் என் பங்குக்குச் செய்துபார்த்தேன்.

இப்போது நீங்கள் வந்து, உங்கள் ஊரில் பெரிய டாக்டரிடம் காட்டுகிறேன், கொஞ்ச நாள் எங்களோடு இருக்கட்டும் என்கிறீர்கள். அவளும் துணி எடுத்துவைக்கிறாள். அந்த அலைச்சல் உங்களுக்கு எதற்கு என்றுதான் இவ்வளவும் சொன்னேன். அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. என்னைவிட, உங்களைவிட நல்ல கண். வேண்டுமானால் அந்தக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போங்கள், எனக்கு அது தேவையில்லை. அவளுக்கு வேண்டியதையெல்லாம் நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன்.

இதோ வருகிறாள். கையில் ஏதோ சட்டை. என்ன கலர் என்று கேட்பாள், பாருங்கள்.

நீங்கள் சொல்லாதீர்கள், மச்சான். அவள் என்னைத்தான் கேட்கிறாள்.