ஆடிச் சீராக ஒரு கம்பிக்கயிறு

வண்டிக்கு முன்பக்க பம்பர் வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் அழகைத்தான் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கக் கூடாது. அது எதைத் தாங்கப் போகிறது, வண்டியின் சட்டத்தில் எந்த இடத்தைப் பிடித்து நிற்கப் போகிறது என்று கேட்டுவிட்டால் கடையில் இருக்கும் பத்தில் எட்டு தானாகவே கழிந்துவிடும். மிச்சமுள்ள இரண்டில் கனம் குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம்.

இதைச் சொல்லவா வந்தேன் என்று உங்களுக்குத் தோன்றலாம், கணேசபாண்டியன். இங்கிருந்து தொடங்கினால்தான் வரிசை கெடாது. என் பெயர் பஞ்சாபகேசன். வயது எழுபத்தொன்று. மாட்டுங்காவில் குடியிருக்கிறேன். துறைமுகத்தில் நாற்பத்தோரு வருடம் கிரேன், கயிற்றைச் சுருட்டி இழுக்கிற வின்ச், அவற்றின் கம்பிக்கயிறு எல்லாவற்றையும் பரிசோதித்துச் சான்று கொடுத்தவன். போன ஞாயிற்றுக்கிழமை அம்பர்நாத்துக்கு அப்பால் சேற்றில் கயிறு அறுந்து செத்துப்போன வேல்ராஜ் என் மகள் வைதேகியின் கணவன். அந்தக் கயிற்றை வண்டியில் பூட்டிக் கொடுத்த செம்பூர் கடைக்காரர் முகம்மது ஹனீபை நேற்றிலிருந்து இங்கே போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் விஷயமாகத்தான் வந்தேன். உங்கள் அதிகாரி மராத்தியிலேயே சொல்லச் சொன்னார். எனக்கு மராத்தி வரும். ஆனால் இதில் வருகிற சில வார்த்தைகளுக்கு மராத்தியில் இடமில்லை. அதனால்தான் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டேன். தாராவிக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று உங்களைக் கூப்பிட்டார். நாற்காலியைத் துடைத்ததைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கே போனாலும் துடைத்துவிட்டுத்தான் உட்காருவேன்.

வேல்ராஜும் தாராவிதான். பூர்வீகம் திருநெல்வேலிக்குத் தெற்கே. அவன் அப்பா தோல் பதனிடும் கிடங்கில் வேலை பார்த்தவர். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. பையன் படித்தவன், வைதேகியின் ஆபீஸிலேயே வேலை. கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. நான் போகவில்லை, தடுக்கவும் இல்லை. மூன்று வருடமாக மாதம் ஒரு முறை இருவரும் வருவார்கள். நான் கதவைத் திறப்பேன். உட்காரச் சொல்வேன். காபி கொடுப்பேன்.

காபியில்தான் எனக்குக் கஷ்டம். அவன் டம்ளரை உதட்டில் வைத்து உறிஞ்சிக் குடிப்பான். எங்கள் வீட்டில் தூக்கித்தான் குடிப்போம். பத்திரிகையைப் புரட்டுமுன் விரலை நாக்கில் தொட்டுக்கொள்வான். சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரிப்பான். அப்போது உள்ளே இருப்பது தெரியும். நான் எதுவும் சொன்னதில்லை. அவர்கள் போன பிறகு டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் போட்டுவைப்பேன். பத்திரிகையை எடைக்குப் போடாமல் எரித்துவிடுவேன். ஒரு தடவை வைதேகி திரும்பி வந்து இதைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, நீங்க தினம் காலம்பற காறித் துப்பற சத்தம் மூணாவது மாடி வரைக்கும் கேக்கறது. அவர் ஒரு நாள் அதைப் பத்திப் பேசினதுண்டா?" என்றாள்.

அது தேக சுத்தி, இது எச்சில், இரண்டும் வேறு என்று அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். அவள் காதில் வாங்கவில்லை.

இந்த வருடம் வேல்ராஜ் பழைய ஜீப் ஒன்று வாங்கினான், நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். மழைக்காலத்தில் சேற்றில் மாட்டிக்கொள்ளும் வண்டிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் இழுத்து விடுகிற ஒரு கூட்டம் இருக்கிறது, அதில் சேர்ந்திருந்தான். காசு வாங்குவதில்லை. ஜூன் மாதம் தனியாக என் வீட்டுக்கு வந்தான், கையில் நாலைந்து விலைப்பட்டியல்.

"மாமா, வின்ச்சு மாட்டணும். பம்பர் எது போட, வின்ச்சு எது எடுக்கன்னு ஒண்ணும் ஓடல. பம்பாய்லயே ஒங்களவிட இது தெரிஞ்ச ஆளு யாரு? நீங்க சொல்லுதத எடுத்துருதேன்."

இப்படி என்னை யாரும் கேட்டு எட்டு வருடமாகியிருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

செம்பூரில் ஹனீபின் கடைக்கு மூன்று முறை போனோம். ஹனீபும் திருநெல்வேலிப் பக்கம், மேலப்பாளையத்துக்காரர், யோக்கியமான மனிதர். வேல்ராஜ் பளபளவென்று குழாய் வளைத்த பம்பரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அது முகம் பார்க்கத்தான் உதவும், வின்ச் இழுத்தால் வளைந்துவிடும் என்றேன். வின்ச் உட்காரத் தட்டு வைத்து, சட்டத்தோடு நேரே போல்ட் முடுக்குகிற எஃகுத் தகடு பம்பர் ஒன்று இருந்தது. மோதினால் விரிகிற காற்றுப்பைக்கு இடைஞ்சல் இல்லையா என்று கேட்டு, எழுதியும் வாங்கிக்கொண்டு, அதை எடுக்கச் சொன்னேன். ஊருக்குள் ஓட்டும்போது இதற்குத் தடை இருக்கிறது, காட்டுக்குப் போகிற நாளில் மட்டும் பூட்டு என்றும் சொன்னேன். வின்ச்சுக்கு வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு சக்தி வேண்டும். கணக்குப் போட்டுக் காட்டி அதற்கேற்றதை எடுக்க வைத்தேன். இதில் எதிலும் குறை கிடையாது. நீங்கள் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுச் சோதித்துக்கொள்ளலாம்.

கயிற்றில்தான் பேச்சு நீண்டது. ஹனீப் செயற்கை நார்க் கயிறு போடலாம் என்றார்.

"எல வேலு, கேளு. நார் அத்துச்சுன்னா தொப்புன்னு கீழ விழுந்துரும். கம்பி அப்பிடியால? அத்துச்சுன்னா ஆளத் தேடிட்டு வரும்."

"ஏன் பாய், அதுக்கு எம் பேரு தெரியுமா?" என்று வேல்ராஜ் சிரித்தான்.

ஹனீப் சொன்னது முழுக்கச் சரி. அதை அங்கேயே ஒப்புக்கொண்டேன். பாறையில் உரசினால் நார் நைந்துபோகும் என்பதையும் சொன்னேன். அதுவும் சரிதான். கயிற்றை அப்புறம் பார்க்கலாம் என்று கிளம்பினோம். அதுவரை என் மனதில் எதுவும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் சயான் பக்கம் நெரிசல். என் பையில் என் தண்ணீர் பாட்டில் இருந்தது. அவன் கேட்காமலேயே எடுத்து, வாய் வைத்துக் குடித்து, உள்ளங்கையால் துடைத்து மூடி, பையில் போட்டான். பிறகு சொன்னான்:

"மாமா, ஒரு சேதி. வைதேகிக்கு மூணு மாசம். அவதான் மொத ஒங்ககிட்ட சொல்லணும்னா, எனக்குத்தான் வாயி நிக்கல. பிள்ள ஒங்க வீட்லதான் மாமா வளரணும். அவ ஆபீசு போயிருவா. நானும் சாயங்காலம் நேரா அங்க வந்துருதேன். இனி தெனம் ஒங்க கையால காப்பிதான்."

தினம் என்றான். நான் ஆசீர்வாதம் என்றேன். வீட்டுக்கு வந்து பாட்டிலைக் குப்பையில் போட்டேன். என் சமையலறையில் ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அது என் மடியில் ஏறும். அதன் வாயும் அதே வாயாக இருக்கும். டம்ளரைத் தேய்த்துவிடலாம், கணேசபாண்டியன். பேரனை எதைப் போட்டுத் தேய்ப்பது? நாலு நாள் யோசித்தேன். கோபம் வரவில்லை. குமட்டல்தான் வந்தது.

ஐந்தாம் நாள் ரே ரோடு பக்கம் பழைய கப்பல் சாமான்கள் விற்கும் இடத்துக்குப் போனேன். அங்கே என்னைப் பழைய ஆட்களுக்குத் தெரியும். வேண்டிய கனத்தில் ஒரு கம்பிக்கயிற்றைத் தேர்ந்தெடுக்க ஒரு முற்பகல் முழுவதும் ஆயிற்று. வெளியே துத்தநாகப் பூச்சு புதிது போல மின்னியது. வீட்டுக் கூடத்தில் செய்தித்தாள் விரித்து, முறையாகப் பரிசோதித்தேன். பருத்தித் துணியால் பிடித்து நீளமெல்லாம் இழுத்தேன்; பதினேழு இடங்களில் அறுந்த கம்பி முனையில் துணி மாட்டியது. முறுக்கைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே துருவின் செம்புழுதி. இந்தக் கயிறு பாதி பாரத்தைக்கூடத் தாங்காது என்பது என் முடிவு. பிறகு நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளை நறுக்கி, கிரீஸ் தடவித் துடைத்து, அழகாகச் சுருட்டி வைத்தேன்.

ஆடி முதல் தேதிக்கு வேல்ராஜையும் வைதேகியையும் அழைத்தேன். மாப்பிள்ளையை ஆடிக்கு அழைத்து, தேங்காய்ப் பால் கொடுத்து, சீர் வைப்பது நம் பக்கத்து வழக்கம். கல்யாணமான முதல் வருடம் செய்திருக்க வேண்டும். மூன்று வருடம் தாமதம். வாசலில் நின்று, "வாங்கோ மாப்பிள்ளை" என்றேன். அந்த வார்த்தையை அதுவரை அவனிடம் நான் சொன்னதில்லை. அவன் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டான்.

"ஆடிக்கு அழைக்காத மாமியாரத் தேடிப் பிடிச்சு அடின்னு எங்கம்மா மூணு வருசமா சொல்லிட்டே இருக்கா மாமா. இந்த வீட்ல மாமியார் இல்லியே, மாமனார அடிக்கலாமான்னு பஞ்சாயத்து நடந்துட்டு இருக்கு" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான். வைதேகியும் அழுதாள்.

பால் குடித்தான், உறிஞ்சித்தான் குடித்தான். பிறகு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், நடுவில் கயிற்றுச் சுருள். நானே பார்த்துப் பார்த்து எடுத்தது என்றேன். அது உண்மை. அவன் கீழே விழுந்து நமஸ்கரித்தான். என் காலைத் தொட்டான். நான் விலகவில்லை.

"மாமா, இழுக்கும்போது மேல சாக்கு போடணும்ங்காங்களே? இதுக்கும் போடணுமா?"

ஈரச் சாக்கு போட்டால், அறுந்தாலும் கயிறு துள்ளாது. துறைமுகத்தில் சாக்கு போடாமல் இழுத்தவனை நான் வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறேன்.

"நல்ல கயித்துக்குச் சாக்கு எதுக்கு, மாப்பிள்ளை?" என்றேன்.

ஹனீப் விவரமானவர். கயிற்றைக் கையில் வாங்கியதுமே ஒரு முழம் வெட்டிச் சோதிக்கலாம் என்றிருக்கிறார். வேல்ராஜ் விடவில்லை. அதை ஹனீபே என்னிடம் சொன்னார்.

"பாய், இது எம் மாமனார் வச்ச ஆடிச் சீரு. சீர வெட்டிப் பாப்பாங்களா? ஒம்ம பொண்டாட்டி வீட்ல போட்ட நகைய ஒரசிப் பாத்தீரா?" என்று கேட்டானாம். ஹனீபும் பூட்டிக் கொடுத்துவிட்டார்.

அதிலிருந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. ஓடையோரம் மண்ணில் ஒரு பால் டெம்போ புதைந்திருந்தது. சாக்கு போடப்படவில்லை. கூட இருந்தவன் சாக்கை எடுத்து வந்தபோது, "வேண்டாம்ல, எங்க மாமா வேண்டாம்னுட்டார்" என்று வேல்ராஜ் சொல்லியிருக்கிறான். கயிறு அறுந்து துள்ளி அவனை நெஞ்சுக்கு மேலே தொட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக அவசரப்பட வேண்டியிருக்கவில்லை. வைதேகி இப்போது தாராவியில் அவன் அம்மா முருகம்மாளிடம் இருக்கிறாள். என் போனை எடுப்பதில்லை. துக்கம் ஆறினால் வந்துவிடுவாள். அவள் அறையைக் கழுவி வைத்திருக்கிறேன்.

இப்போது ஹனீப். மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்தார். என் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதார். போகும்போது சொன்னார்:

"ஐயா, நீங்க அறியாமக் குடுத்தது. வயசான காலத்துல ஒங்கள ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லக் கூடாது. யாரு கேட்டாலும் அது என் கடையில கெடந்த பழைய கயிறுன்னு சொல்லிருதேன். அல்லா என்னைய மன்னிப்பான்."

சொன்னபடியே உங்களிடமும் சொல்லியிருக்கிறார். அதனால்தான் உள்ளே இருக்கிறார். ஒரு நிரபராதி எனக்காக அடைபட்டிருப்பது நியாயமில்லை என்று நேற்று முழுவதும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. 'அறியாமல்' என்ற அந்த வார்த்தையும் உறுத்தியது.

நீங்கள் ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

"ஐயா, போதும். வயசாயிட்டு, கண்ணு மங்கியிருக்கும். மருமவன் போன துக்கத்துல என்னென்னமோ சொல்லுதிய. தெரியாமத்தான குடுத்திய? அப்பிடின்னே எழுதுதேன். பாயும் வீட்டுக்குப் போயிருவார், நீங்களும் போயிருங்க."

உங்கள் நல்ல மனது எனக்குப் புரிகிறது, கணேசபாண்டியன். ஆனால் அப்படி எழுதக் கூடாது. நாற்பத்தோரு வருடத்தில் நான் தேறும் என்று சொன்ன கயிறு ஒன்றுகூட அறுந்ததில்லை. தேறாது என்று சொன்னது ஒன்றும் நிலைத்ததில்லை. இந்தக் கயிறு தேறாது என்று பரிசோதித்து முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகு, அவன் சாக வேண்டும் என்று, மாப்பிள்ளை என்று கூப்பிட்டு, என் கையால் கொடுத்தேன். சாக்கு வேண்டாம் என்றும் நான்தான் சொன்னேன். இதே வரிசையில் எழுதுங்கள். கண் மங்கல் என்று ஒரு வார்த்தை வரக் கூடாது.

காரணம் என்ற இடத்தில் சுத்தம் என்று போடுங்கள். ஜாதி, மதம் எதுவும் நான் பார்க்கிறவன் இல்லை என்று அதன் கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட உங்கள் பேனா வேண்டாம். நான் பேசிக்கொண்டிருந்தபோது இரண்டு முறை அதை வாயில் வைத்தீர்கள்.