மூக்கன் போயிட்டாரு

ஹலோ... ஹலோ... அக்கரப்பத்தனை மஃறூப் நானா கடைதானுங்களே? அட்டன்லயிருந்து ஆண்டியப்பன். மரண உதவிச் சங்கப் பொருளாளர்... ஆமா, ஆமா, சந்தா கேட்டே உயிரெடுக்கிற ஆண்டியப்பன்தான். எங்க தலைவர் செல்லசாமி வந்துட்டாருங்களா?... குடுங்க.

தலைவரே! எல்லாம் முடிச்சாச்சு... ஆமா, எல்லாமே. பெட்டி வாங்கிட்டேன். தேக்கு இல்லீங்க, தேக்கு மாதிரி. லொறிக்கு, தப்பு அடிக்கிறவங்களுக்கு, பட்டாசுக்கு...

இருங்க, கணக்கக் கேளுங்க. சங்கம் தொடங்குன அம்பத்தாறாம் வருசம் பதினேழு பேரு, ஆளுக்கு மாசம் இருபத்தஞ்சு சதம். ரப்பர் முத்திரை செஞ்சதுல ஏழு ரூவா போச்சு. அம்பத்தெட்டுல நாப்பது பேரு. இப்ப அறுபத்திரண்டுல முந்நூத்திப் பன்னெண்டு ரூவா! ஆறு வருசமா ஒருத்தரும் சாகல. தோட்டத்து வீட்டு வரிசையில லயம் லயமா ஏறிச் சந்தா கேட்டா, "காசு வாங்குறீங்களே, ஒரு சாவாச்சும் காட்டினீங்களா?"ன்னானுக. இனி கேக்கட்டும் பாப்போம்! மூக்கண்ணன் ஒரு மாசம் பாக்கி வைக்காத மனுசன். அவருக்குக் கொற வைக்கலாமா? மொத்தத்தையும் செலவழிச்சிட்டேன்...

என்னங்க?... எழவுச் சேதியில என்ன சிரிப்பு?... நேத்து நீங்கதானே போன்ல சொன்னீங்க? "மூக்கன் போயிட்டாரு, சந்தாவுக்கு அலையாத"ன்னு... ஆமா... ஆமா... எங்க போயிட்டாரு?... டிக்கோயாவுக்கா?... பேரனுக்குக் காதுகுத்தா!

அய்யய்யோ! மொட்டையா "போயிட்டாரு"ன்னா எவன்ங்க டிக்கோயான்னு நெனைப்பான்?... திருப்பிக் குடுக்கவா? பெட்டி செய்றவன் "வித்தது வித்ததுதான்"னு செவுத்துலயே எழுதி வச்சிருக்கான். சங்கமே போச்சுங்க... என்ன?... மூக்கண்ணன் திரும்பி வந்துட்டாரா? பக்கத்துலயா நிக்கிறாரு? வேணாம், குடுக்காதீங்க...

மூக்கண்ணே! நல்லா இருக்கீங்களாண்ணே?... நல்லது, நல்லது... ஆமாண்ணே, உங்களுக்குத்தான். பித்தளைக் கைப்பிடி... நாலு தப்பு... அழுதேன்ண்ணே, மெய்யாவே அழுதேன். நடுக்கடையில நின்னு அழுதேன்... சந்தோசமா இருக்கா?... சரிண்ணே. சங்கத்த மறுபடி மொதல்லயிருந்து தூக்கி நிறுத்தணும், இந்த மாசச் சந்தாவ மட்டும் தலைவர்கிட்ட... கட்ட மாட்டீங்களா? ஏண்ணே?... என்னது?... செத்தவன் எங்கயாச்சும் சந்தா கட்டுவானான்னா கேக்குறீங்க?... அண்ணே, வச்சிராதீங்க... மூக்கண்ணே... ஹலோ... ஹலோ...